நாலு மணிக் காப்பி

மயிலாப்பூர்,
6-3-1972

அன்புள்ள தேவானைக்கு,

ஆசீர்வாதம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தும் தெரிகிறது. வேறு குறை ஒன்றும் இல்லை.

உன் போன கடிதத்திலும் தேதி இல்லை. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் பெர்னடெட், தேதி போடாத கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். "எழுதிய நாளையே மறைக்கிறவள் வேறு எதை மறைக்கமாட்டாள்?" என்பார். நீ என் நாத்தனார் என்பதால் படித்தேன்.

உங்கள் சித்தப்பா மகன் ரகுபதி சினிமாவில் செட் போடும் வேலையில் இருக்கிறான் அல்லவா? அவன் வந்து, ஒரு படத்துக்கு நம் வீடு வேண்டும் என்றான். கூடத்திலிருந்து மாடிப்படியும் மாடி அறைக் கதவும் ஒரே பார்வையில் தெரிகிற வீடு வேறு எங்கும் கிடைக்கவில்லையாம். படத்தின் பெயர் 'தாத்தா தூங்குகிறார்'. பேத்தியின் கல்யாணத்துக்கு முதல் நாள் தாத்தா மாடியில் இறந்துபோகிறார். தாலி கட்டி முடிக்கும் வரை குடும்பமே அதை மறைக்கிறது. இது சிரிப்புப் படம். "செத்தவரை வைத்துக்கொண்டா சிரிப்பது?" என்று கேட்டேன். "வசனத்தைக் கேளுங்க அண்ணி, முதல்ல நீங்கதான் சிரிப்பீங்க" என்றான்.

பதினைந்து வருடமாக உன் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவன் அவன்தான். மறுக்க முடியவில்லை. ஆவணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆவணி வளர்பிறை ஏகாதசி, அவர் திதியன்று, இந்த வீட்டில் வேறு சத்தம் கூடாது. ஏகாதசியில் போகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? எதிர்வீட்டு வக்கீல்கூட ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்காருகிறார்.

ரத்னாவுக்கும் உன் பேரக்குழந்தைகளுக்கும் என் முத்தம்.

அன்புடன்,
மரகதவல்லி


உறையூர்

அன்பான அண்ணிக்கு,

உங்கள் தேவானை வணங்கி எழுதுவது. இவருக்கு இருமல் நின்றிருக்கிறது. எனக்கு முழங்கால் அப்படியேதான். படி ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி.

அண்ணி, கோபிக்கக் கூடாது. அந்தப் படம் நமக்கு வேண்டாம். அண்ணன் வாழ்ந்த வீடு. விளையாட்டுக்குக்கூட அங்கே பாடை கட்டலாமா? ரகுபதிக்கு அறிவு எங்கே போயிற்று? வாடகைக்கு எத்தனையோ பங்களா இருக்கும். அடையாறு பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதையை யார் எழுதினார்களாம்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெளியே போக வேண்டாம்.

தேவானை

தேதி போட மறந்துவிட்டேன். தபால் முத்திரையில் இருக்கும்.


மயிலாப்பூர்,
9-4-1972

அன்புள்ள தேவானைக்கு,

நலம்தானே? நானும் நலம். ஆனால் ஒரு வாரமாக விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று சொல்லத் தெரியவில்லை.

முத்திரையில் மை அப்பியிருந்தது. தேதி தெரியவில்லை.

படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. கதையில் பாதி இரவில் நடக்கிறதாம். அதற்காக எல்லா ஜன்னலையும் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு நம் வீட்டில் இரவு வருகிறது. மாலை ஐந்து மணிக்கு விடிகிறது. நீல விளக்கு ஒன்றைப் படிக்கட்டின் மேல் கட்டி, அதை நிலவு என்கிறார்கள். நான் சமையலறையில் வெயிலில் அரிசி களைந்துவிட்டு, கதவைத் திறந்து கூடத்தில் கால் வைத்தால் நிலா.

கூடத்தில் வாழைமரம், மணவறை, மாக்கோலம் எல்லாம் இருக்கின்றன. நாகஸ்வரக்காரர்கள் கன்னத்தை உப்பி வாசிக்கிறார்கள், சத்தமே வருவதில்லை. பாட்டை ஸ்டூடியோவில் தனியாகப் பதிவு செய்கிறார்களாம். தவில்காரர் கை பறக்கிறது, தோலில் மட்டும் படுவதில்லை. கெட்டிமேளம் முழங்கும்போது சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் எனக்குக் கேட்டது. உன் வீட்டில் ரத்னா கல்யாணத்தின் கெட்டிமேளத்தை நினைத்துக்கொண்டேன். அன்று உங்கள் எதிர்வீட்டு மாடியில் படுத்திருந்த உன் அண்ணனுக்கு அது கேட்டிருக்கும் என்று இத்தனை நாளாக நினைத்திருக்கிறேன்.

தாத்தாவாக நடிக்கிறவர் வெள்ளைச்சாமி என்கிற பழைய நாடக நடிகர். உன் அண்ணனின் சாய்வு நாற்காலியைத் தரமாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு கொடுத்துவிட்டேன். ஒரு நாள் அவர் சாயங்கால விபூதியோடு அதில் தூங்கிக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தினேன், வெளிச்சம் கண்ணில் படக் கூடாதென்று. பிறகுதான் அது விளக்கு வெளிச்சம் என்று ஞாபகம் வந்தது.

அவர் சொன்னார்: "செத்துக் கிடக்கிறதுதாம்மா எல்லாத்தையும்விடக் கஷ்டமான வேசம். மூக்குல ஈ உட்காந்தாலும் நான் பிணம்தானே?" மூச்சில் வயிறு ஏறி இறங்குவது தெரிகிறதென்று கனமான சால்வையைப் போர்த்தியிருக்கிறார்கள். விளக்குச் சூட்டில் அவருக்கு வியர்க்கிறது. செத்தவருக்கு வியர்வையைத் துடைக்க ஓர் ஆள்.

வசனம் எழுதுகிறவர் பெயர் கல்யாணராமன். பண்புள்ளவர். கல்யாண வீட்டில் சம்பந்தியை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதில் இரண்டு பிழை காட்டினேன், திருத்திக்கொண்டார்.

மரகதவல்லி


உறையூர்

அன்பான அண்ணிக்கு,

வணக்கம். எல்லாரும் சௌக்கியம். போன வெள்ளிக்கிழமை எனக்கு வயிற்றுப்புண் மறுபடி வந்தது. டாக்டர் மோர்தான் குடிக்கச் சொல்கிறார். நான் காப்பியை விட்டுப் பதினைந்து வருடமாகிறது, இனி எதைத்தான் விடுவது என்று அவரிடம் கேட்டேன்.

அண்ணி, இதையெல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாம். முடியும் வரை இங்கே வந்து இருங்கள். மாம்பழ நாள் வருகிறது. வீட்டை ரகுபதி பார்த்துக்கொள்வான்.

அந்தக் கல்யாணராமன் எந்த ஊர்க்காரர்?

தேவானை


மயிலாப்பூர்,
30-4-1972

அன்புள்ள தேவானைக்கு,

வயிற்றுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் செய்து சாப்பிடு. இங்கே கத்திரி வெயில் ஆரம்பிக்கும் முன்பே தரை கொதிக்கிறது.

தேதி.

நான் வரவில்லை. என் வீட்டைவிட்டு என்னை ஒரு படம் விரட்ட முடியாது. ஆனால் நேற்று நடந்ததை உனக்கு எழுத வேண்டும்.

படத்தில் எல்லாரும் அதிகமாகச் சிரிக்கப்போகிற இடம் என்று ரகுபதி சொல்லிவந்த காட்சி. பாட்டிக்கு விஷயம் தெரியாது. மாலையில் தாத்தாவுக்குக் காப்பி கலந்து மகளிடம் கொடுத்தனுப்புகிறாள். மகள் மாடிக்குப் போகிறாள். தம்ளர் நிறையத் திரும்பினால் பாட்டி ஏன் என்று கேட்டு மாடி ஏறுவாள். ஆகவே தம்ளர் காலியாக இறங்கிவர வேண்டும். மகள் ஜன்னல் வழியாகக் கொட்டப் போகிறாள், கீழே சம்பந்தி நிற்கிறார். பூந்தொட்டியில் ஊற்றப் போகிறாள், அங்கே ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறது. காலித் தம்ளரைப் பார்த்து, "பாத்தியா, என் கைக் காப்பின்னா ஒரு சொட்டு வைக்கமாட்டார்" என்கிறாள் பாட்டி. விளக்குப் பிடிப்பவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நாலு முறை எடுத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணராமனிடம், "இதை எப்படி யோசித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா யோசிச்சேன்? நிஜமா நடந்தது. ஒரு கல்யாணச் சமையல்காரர் சொன்னார். திருச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துல, பொண்ணோட மாமா எதிர்வீட்டு மாடியிலே போயிட்டாராம். மறுநாள் முகூர்த்தம் முடியற வரைக்கும் மூச்சு விடலையாம். காப்பி போச்சாம், காலித் தம்ளர் வந்துச்சாம். பொண்ணோட மாமாங்கறதை நான்தான் தாத்தான்னு மாத்திட்டேன்" என்றார். பிறகு, "நல்லாயிருக்கில்ல?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ரத்னாவின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நாலு மணிக்கு நான் உன்னிடம் காப்பி கொடுத்தனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? நெஞ்சு கரிக்கிறதென்று காலையிலிருந்து எதிர்வீட்டு மாடியில் படுத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பு அவசரத்தில் கலந்த காப்பி. சர்க்கரை போட்டேனா இல்லையா என்று எனக்கு அன்றே சந்தேகம். நீ தம்ளரைக் காலியாகக் கொண்டுவந்ததும், போட்டிருப்பேன் என்று சமாதானம் ஆனேன். என் கையால் அவர் கடைசியாகச் சாப்பிட்டது அதுதான். மறுநாள் தாலி கட்டி முடிந்த பிறகுதானே, பத்தரை மணிக்கு, இப்போதுதான் போனார் என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

உறையூரில் அந்த மாதிரிக் கல்யாணம் வேறு ஏதாவது நடந்து நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

மரகதவல்லி


உறையூர்

அன்பான அண்ணிக்கு,

வணக்கம். ரத்னாவின் சின்னவளுக்கு அம்மை வார்த்திருக்கிறது. வேப்பிலையும் கையுமாக இருக்கிறேன். அதனால் இந்தக் கார்டு. தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தேவானை


மயிலாப்பூர்,
11-6-1972

அன்புள்ள தேவானைக்கு,

குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டதென்று ரத்னா எழுதியிருந்தாள். மகிழ்ச்சி. நான் நலம். நீ நலமென்று ரத்னா எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டில் படப்பிடிப்பு முடிந்தது. கறுப்புத் துணியை அவிழ்த்ததும் கூடத்தில் வெயில் வந்து விழுந்தது. யாரோ அயல்மனிதர் வந்ததுபோல் நான் எழுந்து நின்றுவிட்டேன். வாழைமரத்தைக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். ஊமை நாகஸ்வரத்தை உறையில் போட்டுக் கொண்டுபோனார்கள்.

கடைசி நாள் ஒரு தகராறு. வெள்ளைச்சாமியைத் தூக்கும்போது கை தொங்குகிறது. மேக்கப் போடும் இனாயத் நடுவில் புகுந்து நிறுத்திவிட்டார். அவர் முன்பு ஒரு ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்தவர். டைரக்டரிடம் சொன்னார்: "இன்னா சார் இது? ஆளு போயி ஒரு ராத்திரி ஆச்சுன்றீங்க, கை இப்டி லொடலொடன்னு ஆடிக்கினு கீது? கட்டையாட்டம் நிக்கணும் சார். அதான் கணக்கு."

நான் கேட்டேன்: "போய் அரை மணி நேரம்தான் ஆகிறதென்றால், இனாயத்?"

"அரை அவர்ல இன்னாம்மா ஆவும்? சூடே ஆறியிருக்காது. தூங்கறாப்ல இருக்கும். நீட்டுனா நீளும், மடக்குனா மடங்கும்."

ஒரு மரச்சட்டத்தைக் கையோடு வைத்துக் கட்டி எடுத்து முடித்தார்கள்.

தேவானை, அன்று பத்தே முக்காலுக்கு நான் மாடிக்கு வந்தபோது அவர் கைகள் நெஞ்சின்மேல் இருந்தன. வலக்கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. குருக்களிடம் நாள் சொல்ல வேண்டும்.

மரகதவல்லி


மயிலாப்பூர்,
24-7-1972

தேவானைக்கு,

நலம். நலமறிய விருப்பம்.

ஆறு வாரமாகிறது. நீண்ட கடிதம் வேண்டாம். திதி எது என்ற ஒரே சொல் போதும். ஒரு கார்டில் எழுதினாலும் போதும்.

மரகதவல்லி


உறையூர்,
2-8-1972, புதன்கிழமை,
காலை பத்து மணி

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று தாயுமானவரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

தசமி.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து, வாய்வு என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்கு நான் காப்பியோடு மாடிக்குப் போனேன். "அண்ணா, எழுந்திருங்க, அண்ணி குடுத்தாங்க" என்றேன். அசையவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தெரிந்துவிட்டது.

கீழே மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். ரத்னாவுக்கு அதற்கு முன்பு நிச்சயம் வரை வந்து ஒரு இடம் முறிந்துபோனது உங்களுக்குத் தெரியும். இந்த மாப்பிள்ளை வீட்டாரும் சகுனம் சரியில்லை என்று கோயம்புத்தூருக்கு வண்டி ஏறினால் அவள் கதி என்ன என்று நினைத்தேன். காப்பி கையில் சுட்டது. திருப்பிக் கொண்டுவந்தால் நீங்கள் மேலே வந்துவிடுவீர்கள். அந்த அறையில் பூந்தொட்டி ஒன்றும் இல்லை அண்ணி. ஜன்னலைத் திறக்கப் பயமாக இருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நானே குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, தூங்குகிறார் என்று உங்களிடம் சொன்னேன். ராத்திரி நீங்கள் மேலே போகக் கிளம்பியபோதும், டாக்டர் எழுப்பக் கூடாதென்றார் என்று தடுத்தேன். அன்றைக்குப் பிறகு அந்த வாசனையே எனக்கு ஆகவில்லை. வயிற்றுப்புண் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

முடிவு என்னுடையது. இவருக்குக்கூட விளக்கு வைத்த பிறகுதான் சொன்னேன். சமையல்காரருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது.

காலையில் உங்களையே ஆரத்தி எடுக்கச் சொன்னதும் நான்தான். வேறு யாரையாவது கூப்பிட்டால் ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் குங்குமமும் பட்டுமாகத் தட்டை ஏந்தி நின்றதை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் பாவம் ரத்னாவின் தாலியில் வந்து விடியுமோ என்று இன்றுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்குப் போடுகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏகாதசி ஏகாதசி என்று நீங்கள் பெருமையாக எழுதும்போதெல்லாம், இருக்கட்டுமே, அண்ணிக்கு அந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைப்பேன். அதைத்தான் இப்போது பிடுங்கிக்கொண்டேன்.

இனி எனக்கு எழுதுவீர்களோ மாட்டீர்களோ.

தேவானை


மயிலாப்பூர்,
19-8-1972

அன்புள்ள தேவானைக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தில் தேதி, கிழமை, மணி எல்லாம் இருந்தன. சிஸ்டர் பெர்னடெட் படித்திருப்பார்.

நேற்று வெள்ளிக்கிழமை, தசமி. ரகுபதி வந்து உன் அண்ணனுக்கு எல்லாம் முறையாகச் செய்தான். நாள் ஏன் மாறியது என்று குருக்கள் கேட்டார். பதினைந்து வருடமாக நான் தப்பாகக் கணக்கு வைத்திருந்தேன், பிழை என்னுடையது என்று சொன்னேன். எதிர்வீட்டு வக்கீல் இலை முன்னால் உட்கார்ந்து, "ஏகாதசி இல்லையா?" என்றார். "இல்லை, தசமி" என்றேன். பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இத்தனை வருடமும் உன் அண்ணன் ஒரு நாள் முன்னதாக வந்து, இலை போடாத கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். காத்திருப்பது அவருக்கு ஆகாது. ரயிலுக்கே ஒன்றரை மணி முன்னால் போகிறவர்.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. ஓர் இரவு முழுவதும் அவரைத் தனியாக விட்டுவிட்டு, நான் பந்தலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அதை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. ஆனால் கை மடங்காதது கோபத்தால் இல்லை என்று இப்போது தெரிகிறது. அது நீ தந்தது.

ரத்னாவுக்கு நான் எடுத்த ஆரத்தி நல்ல ஆரத்திதான். நல்ல மனதோடு எடுத்தேன். அவளுக்கு மூன்று குழந்தைகள், மாப்பிள்ளை தங்கமானவர். நீ விளக்குப் போடுவதானால் போடு. பயந்துகொண்டு போட வேண்டாம். அவளிடம் நான் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்ல உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். அந்தக் காப்பியில் சர்க்கரை இருந்ததா? எனக்காக இனிப்பாக எழுதாதே. உள்ளதை எழுது.

மரகதவல்லி


உறையூர்,
23-8-1972, புதன்கிழமை

அன்பான அண்ணிக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வாரமாக வயிற்றுவலி இல்லை.

சர்க்கரை இல்லை, அண்ணி. போட மறந்துவிட்டீர்கள். டிகாஷன் நல்ல கெட்டி, வெறும் கசப்பு. அண்ணனாக இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுத்தான் தம்ளரைக் கொடுத்திருப்பார்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை எழும்பூரில் இறங்குகிறேன். ரகுபதியை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். படம் தீபாவளிக்குத்தான் வருமென்று அவன் எழுதியிருக்கிறான். அதுவரை நான் அங்கே இருக்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு எனக்கும் ஒரு தம்ளர் காப்பி கலக்குங்கள். சர்க்கரையை நானே போட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
தேவானை